மின் ஒப்பந்ததாரர் உரிமம் (காரைக்கால்)

மின் ஒப்பந்ததாரர் உரிமம் என்பது, பிறருக்காக மின் அமைப்புகளை நிறுவவும் மாற்றவும் பழுதுபார்க்கவும் மாநில அல்லது ஒன்றியப் பகுதி அரசு அளிக்கும் சட்டபூர்வ அனுமதியாகும். 1954இல் பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து இந்தியாவிடம் வந்த காரைக்கால், நிலத்தால் தமிழ்நாட்டால் சூழப்பட்டிருப்பினும் நிர்வாகத்தால் புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆகவே காரைக்காலிலுள்ள தருமபுரத்தில் ஒயரிங் செய்பவருக்குப் புதுச்சேரி அரசு வழங்கிய அல்லது ஏற்ற தகுதியே செல்லும்.

1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதியில் இருந்த இக்கட்டுப்பாடு, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும், அவற்றுக்கு மாற்றாக 2023இல் வந்தவற்றிலும் தொடர்கிறது. இதன் அமைப்பு மூவடுக்கானது: உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்றிதழுள்ள மேற்பார்வையாளர், அனுமதிச் சீட்டுள்ள ஒயர்மேன். பல்பு, பியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சிறுவேலைகளுக்கு மட்டும் விலக்குண்டு. வேலை முடிந்ததும் மெகர் என்னும் கருவியால் 500 வோல்ட் நேர்த்திசை மின்னழுத்தம் செலுத்திக் கம்பியுறையின் காப்புத்தடை அளக்கப்படும். உப்புக்காற்று உலோக இணைப்புகளை அரிக்கும் கடலோரத்தில், நிலஇணைப்பைச் சோதிப்பதும் அதே அளவு இன்றியமையாதது.

சமையல் எரிவாயு இம்முறைக்குள் அடங்காது. சிலிண்டர்களை 2016ஆம் ஆண்டு எரிவாயு சிலிண்டர் விதிகளும், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும் கட்டுப்படுத்துகின்றன. பிரிட்டனில் எரிவாயு வேலை செய்வோர் தனிப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். இங்கோ வீட்டு அடுப்பையும் குழாயையும் விநியோகஸ்தரின் மெக்கானிக்கே சோதிக்கிறார்.