கட்டத்துக்கு எத்தனை கை? போக்கர் போட்டியின் வேகத்தை அளப்பது குறித்து

போக்கர் போட்டிகளை வேகமானவை, நிதானமானவை என்று பிரிப்பவர்கள் கடிகாரத்தையே பார்க்கிறார்கள். ஆர்னால்ட் ஸ்னைடர் 2006-இல் வெளியிட்ட ‘தி போக்கர் டோர்னமென்ட் ஃபார்முலா’ இதற்கு ஒரு கணக்கே தந்தது. எதுவும் ஆடாமல் உட்கார்ந்திருப்பவரின் சிப்புகள் பிளைண்ட் எனும் கட்டாயப் பந்தயங்களிலேயே கரைந்து தீர எத்தனை மணி நேரமாகும் என்று கண்டு, அதன் வர்க்கத்தைப் பொறுமையின் அளவாகக் கொண்டார். வேகப் போட்டியில் பொறுமை தோற்கும் என்ற அவர் முடிவு சரி. ஆனால் அளக்க வேண்டியது நேரத்தை அல்ல, பிளைண்ட் தொகை ஏறாமல் நிற்கும் ஒரு கட்டத்துக்குள் எத்தனை கைகள் பகிரப்படுகின்றன என்பதை.

டெக்சாஸ் ஹோல்டமில் ஒருவருக்கு வரும் இரண்டு சீட்டுகள் 1,326 விதமாக அமையலாம். ஏஸ், ராஜா, ராணி ஜோடிகளும் ஏஸ்-ராஜாவும் சேர்ந்து அவற்றில் 34தான். சராசரியாக 39 கைக்கு ஒருமுறை. நேரடி மேசையில் மணிக்கு ஏறத்தாழ 30 கைகள் நடக்கும். லாஸ் வேகாஸின் வேர்ல்டு சீரீஸ் ஆஃப் போக்கர் முதன்மைப் போட்டியில் ஒரு கட்டம் 2 மணி நேரம். 39 கைகளும் முதல் கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

20 நிமிடக் கட்டத்தில் பத்தே கைகள். பத்துப் பேர் மேசையில் ஒரே சுற்று. 10,000 சிப்புடன் தொடங்கி, பிளைண்ட் 50-100, 100-200, 150-300, 200-400 என ஏறுவதாகக் கொள்வோம். நான்கு கட்டமும் ஒதுங்கியிருந்தால் செலவு 1,500தான். 8,500 மிச்சமிருக்கிறதே என்று மனம் ஆறுதல் கொள்ளும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1995-இன் முதன்மைப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டன் பரப்பிய ‘எம்’ விகிதம், கையிருப்பை ஒரு சுற்றின் கட்டாயச் செலவால் வகுத்துக் கிடைப்பது. அது தொடக்கத்தில் 67. ஐந்தாம் கட்டம் 300-600 ஆனதும் 9. கட்டிய சிப்பு மட்டும் காரணமென்றால் 57-இல் நின்றிருக்கும். மீதிச் சரிவு முழுவதும் பிளைண்ட் ஏறியதன் விளைவு. சிக்கனத்தால் அதைத் தடுக்க முடியாது. அந்த 40 கைகளில் மேற்சொன்ன சீட்டு ஒன்றுகூட வராமல் போக மூன்றில் ஒன்றுக்கும் மேல் வாய்ப்புண்டு.

இந்த வேறுபாடு ஒரே சீட்டை ஆடும் விதத்தையும் மாற்றும். கையில் இரண்டு ஐந்துகள் வரும் ஐந்து ஜோடியை எடுத்துக்கொள்வோம். பொதுச் சீட்டுகள் மூன்று திறக்கும்போது மூன்றாவது ஐந்து விழ எட்டரைக்கு ஒன்று வாய்ப்பு. முதன்மைப் போட்டியின் தொடக்கக் கையிருப்பான 60,000 சிப்பில் எதிராளியின் 500-ஐ ஈடுகட்டுவது மலிவு. விழுந்தால் நூறு மடங்குக்கு மேல் கிடைக்கக்கூடும். மேற்சொன்ன 8,500-இல் எதிராளி 1,500 வைத்தால், நடுவில் கிடக்கும் 2,400-உடன் (அந்த 1,500-உம் பிளைண்டுகளின் 900-உம்) நம் மிச்சத்துக்கு ஈடாக அவர் 7,000-ஐ முழுதாக இழந்தாலும் வரவு 9,400. போட்டதில் ஆறு மடங்கு சொச்சம். ஒருமுறை விழுவதற்குள் ஏழரை முறை போட்டது போகும் என்பதால் தேவை ஏழரை. அதே ஜோடியோடு, யாரும் இறங்குமுன் மொத்தத்தையும் வைத்தால், மற்றவர்கள் மடக்கிவிட்டாலே 900 நமக்கு. நிதானப் போட்டியில் தொடர்வதற்கான சீட்டு, வேகப் போட்டியில் முந்திக்கொள்வதற்கான சீட்டாகிறது.

இணைய மேசையில் கைகள் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் நடக்கும். அங்கே 10 நிமிடக் கட்டமும் நேரடி மேசையின் 20 நிமிடக் கட்டமும் ஒன்றே. ஸ்னைடரின் கணக்கிலோ நேரம் பாதியாகி, பொறுமையின் அளவு கால்பங்காகும். ஆட்டக்காரர் எடுக்கும் முடிவுகள் ஒன்றும் மாறவில்லை. மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு கைக்கும் நெடுநேரம் யோசிப்பவர்கள் இருவர் அமர்ந்தால் 30 நிமிடக் கட்டமே பத்துக் கையாகச் சுருங்கும். கடிகாரம் நிதானம் என்று காட்டினாலும், அந்த மேசையில் ஐந்து ஜோடியை 20 நிமிடப் போட்டியில் ஆடுவதுபோலத்தான் ஆட வேண்டும்.