சைபீரியா கண்டவர் திருப்பி அனுப்பிய சட்டம்

நார்வா நதியின் மேற்குக் கரையில் எஸ்டோனியாவின் ஹெர்மன் கோட்டை. எதிர்க்கரையில், கூப்பிடு தூரத்தில், ரஷ்யாவின் இவான்கோரோட் கோட்டை. 1944 குண்டுவீச்சில் பழைய நார்வா நகரம் தரைமட்டமானது. வெளியேறியிருந்த எஸ்டோனியர்களை சோவியத் நிர்வாகம் ஊர் திரும்ப விடவில்லை. கிரென்ஹோல்ம் பஞ்சாலைக்கும் புதிய தொழிற்சாலைகளுக்கும் ரஷ்யாவிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். 1991இல் எஸ்டோனியா விடுதலை பெற்றபோது நார்வாவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரஷ்ய மொழிக்காரர்கள்.

1992இல், 1938ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. சோவியத் ஆக்கிரமிப்புக்கு முன், 1940 ஜூன் 16 அன்று குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் குடியுரிமை தானாகவே கிடைத்தது. பின்னால் குடியேறியவர்கள் எஸ்டோனிய மொழித் தேர்வில் தேற வேண்டும். மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர்கள் ஆனார்கள். ஆக்கிரமிப்புக் காலக் குடியேற்றம் உரிமை ஆகாது என்ற எஸ்டோனியர் வாதம் சட்டப்படி வலுவானதுதான். ஆனால் நார்வாவிலேயே பிறந்து, அந்தப் பஞ்சாலையிலேயே தலைநரைத்தவரை அது கணக்கில் கொள்ளவில்லை.

1993 ஜூன் 21 அன்று நாடாளுமன்றம் வெளிநாட்டவர் சட்டத்தை நிறைவேற்றியது. குடிமக்கள் அல்லாத அனைவரும் வசிப்பதற்கான அனுமதியைப் புதிதாகக் கோர வேண்டும். நாட்டைவிட்டுத் துரத்தப்படுவோம் என்ற பீதி நார்வாவில் பரவியது. நான்காம் நாள் ரஷ்யா எஸ்டோனியாவுக்கான எரிவாயுவை நிறுத்தியது. சட்டத்துக்குத் தேவை ஒரே ஒரு கையெழுத்து.

கையெழுத்திட வேண்டிய அதிபர் லென்னார்ட் மெரி, பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். அங்கே மரம் வெட்டினார், உருளைக்கிழங்கு தோல் சீவினார். பிற்பாடு எழுத்தாளராகி, அதே சைபீரியப் பக்கம் கேமராவோடு போய், எஸ்டோனிய மொழியின் உறவினங்களைப் படமெடுத்தார். பழிதீர்க்கக் காரணம் அவரைவிட யாருக்கு அதிகம்? அவர் கையெழுத்திடவில்லை. ஐரோப்பிய அமைப்புகளின் கருத்தைக் கேட்டு, சட்டத்தை நாடாளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார். ஜூலை 8 அன்று திருத்தங்களோடு அது மீண்டும் நிறைவேறியது. தலைநகர் தாலினில் அவசரமாகச் சட்டம் இயற்றிய வீரர்கள் எவரையும்விட நாட்டைக் காத்தவர் அவரே.

நார்வா நகர மன்றம் சமாதானம் ஆகவில்லை. ஜூலை 16, 17 தேதிகளில் தன்னாட்சி கேட்டு வாக்கெடுப்பு நடத்தியது. நெதர்லாந்தின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் இடையில் நின்று இரு தரப்பிலும் வாக்குறுதி வாங்கியிருந்தார்: அரசு பலப்பிரயோகம் செய்யாது, நகர மன்றம் நீதிமன்றத் தீர்ப்புக்குக் கட்டுப்படும். வாக்களித்தவர்களில் 97 சதவீதம் பேர் ஆதரித்தனர். வாக்கெடுப்பு செல்லாது என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நார்வா ஏற்றுக்கொண்டது.

அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் எஸ்டோனியக் குடியுரிமை இல்லாதவர்கள் போட்டியிட முடியவில்லை, வாக்களிக்க முடிந்தது. எஸ்டோனியாவில் வாழும் ரஷ்யக் குடிமக்களுக்கு இருந்த அந்த வாக்குரிமையை, உக்ரைன் போர் தொடங்கிய பின், 2025 மார்ச்சில் அரசியல் சாசனத் திருத்தம் பறித்துக்கொண்டது.