தட்டிவானும் இழுவைப் பெட்டியும்

ஒரு நாட்டின் போக்குவரத்து வரலாறு எழுதப்படும்போது இருப்புப்பாதையும் துறைமுகமும் பெருந்தெருவுமே அதில் முதலிடம் பெறுகின்றன. அவற்றைத் திறந்து வைத்தோரின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்படுகின்றன. சந்தைக்குக் காய்கறி சுமந்து சென்ற ஊர்தியை மரத்தாலும் தகரத்தாலும் ஆக்கிய தச்சனுடைய பெயரோ, கொல்லனுடைய பெயரோ எந்த ஏட்டிலும் காணப்படுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வாறு ஏட்டில் ஏறாத வரலாறு ஒன்று உண்டு. அதுவே தட்டிவானின் வரலாறு.

கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையான புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. கொடிகாமம், சாவகச்சேரி முதலிய ஊர்கள் அப்பாதையின் அருகே அமைந்தமையாற் பெருநன்மை அடைந்தன. வடமராட்சியின் ஊர்களோ பாதைக்குத் தொலைவில் நின்றன. பருத்தித்துறைக் கடற்கரையின் மீனும் கரவெட்டித் தோட்டத்தின் விளைபொருளும் புகையிரத நிலையத்தையும் சந்தையையும் அடைவதற்கு மாட்டு வண்டிலே நெடுங்காலம் துணையாயிருந்தது. மோட்டார் ஊர்தி பரவிய பின்னர் அந்த இடைவெளியை நிரப்ப வந்ததே தட்டிவான்.

செவ்ரொலெட் முதலிய அயல்நாட்டு ஊர்திகளின் இயந்திரமும் அடிச்சட்டமும் சில்லுகளுமே கடல் கடந்து வந்தவை. அவற்றின்மேல் அமைந்த உடலோ உள்ளூர்த் தச்சரின் கைவண்ணம். மரச்சட்டம் நிறுத்திப் பலகைக் கூரை வேய்ந்து உள்ளே நீண்ட வாங்குகளை அமைத்தனர். பக்கங்கள் காற்றோட்டத்திற்காகத் திறந்தே இருந்தன. மழை பெய்யுமாயின் சுருட்டி வைத்த படங்கை இறக்கிவிடுவர். பின்புறத்தில் ஒரு பலகைத் தட்டி சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தது. அதனைக் கீழே சாய்த்துவிட்டால் காய்கறிக் கடகங்களும் தேங்காய்ச் சாக்குகளும் சைக்கிள்களும் அதன்மேல் ஏறிவிடும். இத்தட்டியே ஊர்தியின் பெயருக்குக் காரணமாயிற்று என்பர்.

இவ்வமைப்பு ஏழ்மையால் நேர்ந்த குறைபாடன்று. தேவையை நன்கு உணர்ந்து செய்த ஏற்பாடு. பேருந்து ஆட்களை ஏற்றும், பாரத்தை மறுக்கும். லொறி பாரத்தை ஏற்றும், ஆட்களை மறுக்கும். இரண்டு கடகம் கத்தரிக்காயுடன் சந்தைக்குப் புறப்படும் ஒரு பெண்ணுக்கு இவ்விரண்டினாலும் பயனில்லை. அவளையும் அவள் கடகத்தையும் ஒருங்கே ஏற்றிச் சென்றது தட்டிவான். 1958 சனவரி முதலாந் திகதி தனியார் பேருந்து நிறுவனங்கள் தேசிய மயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. எனினும் தட்டிவானின் பயன் அதனுடன் தீர்ந்துவிடவில்லை. ஏனைய இடங்களில் அருகிய பின்னரும் கொடிகாமம் – பருத்தித்துறை வீதியில் அது நெடுங்காலம் ஓடியது.

1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் ஊர்திகளினதும் உதிரிப் பாகங்களினதும் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இன் பின்னரே அக்கட்டுப்பாடு தளர்ந்தது. அவ்விடைக்காலத்திற் பழையதை எறியாது பழுது பார்ப்பதும், கிடையாத பாகத்தைக் கடைந்தெடுப்பதும் யாழ்ப்பாணத்துக் கராச்சுகளின் அன்றாடத் தொழிலாயின. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய ஆங்கிலக் கார்கள் தம் பிறந்த நாட்டில் வீதியை விட்டு நீங்கிய பின்னரும் இங்கு வாடகைக் கார்களாக உலவியமைக்கு இத்திறனே காரணம்.

அத்திறனுக்குக் கடுஞ்சோதனை 1990ஆம் ஆண்டில் வந்தது. சூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது, மின்சாரம் அற்றது. பெற்றோல், டீசல், மின்கலம் முதலியவை குடாநாட்டிற்குக் கொண்டுவரப்படுவது தடைசெய்யப்பட்டது. அப்பொழுது ஊர்திகளை ஓட்டியது மண்ணெண்ணெய். பெற்றோலைப் போல அது எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே குளிர்ந்த இயந்திரத்தை அதனால் இயக்க முடியாது. முதலிற் சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தைத் தொடக்குவர். அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மருத்துவமனையிற் பயன்படும் சேலைன் போத்தலும் ஊசிக்குழலும் இதற்குக் கருவிகளாயின.

இது பழைய இயந்திரங்களிலேயே இயன்றது என்பது குறிப்பிடத்தக்கது. ஒஸ்ரின் ஏ 40 சோமர்செட் போன்ற கார்களின் இயந்திரம் எரிகலவையை ஏறத்தாழ 7 மடங்கே அமுக்குவது. அவ்வளவில் மண்ணெண்ணெய் ஒருவாறு எரியும். கூடுதலாக அமுக்கும் புதிய இயந்திரத்திலோ அது காலத்திற்கு முந்தி வெடித்து இயந்திரத்தைக் கெடுக்கும். இவ்வாறு பழைமை என்று இகழப்பட்டவை ஓடின, புதியவை முடங்கின. ஆயினும் கேடின்றி எதுவும் நடக்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் கசிந்து உராய்வு நீக்கும் எண்ணெயுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்தது. கரும்புகை வீதியை மூடியது. அந்நாட்களில் மின்கலம் இல்லாத வானொலியைச் சைக்கிள் டைனமோவுடன் இணைத்து, ஒருவர் சில்லைச் சுழற்ற ஏனையோர் செய்தி கேட்டனர். அதுவும் இத்திறனின் மற்றொரு முகமே.

தட்டிவானுக்கு இளையது இழுவைப் பெட்டி. இருசில்லு உழவு இயந்திரத்தை யாழ்ப்பாணத்தார் லான்ட்மாஸ்ரர் என்பர். அது ஓர் ஆங்கில உற்பத்தியின் பெயர். காலப்போக்கில் அவ்வினத்திற்கே பொதுப்பெயராயிற்று. அதன் பின்னாற் பூட்டும் பெட்டியை உள்ளூர்ப் பட்டறைகளிலே செய்தனர். துருவேறிய தகட்டை வெட்டி நீக்கி, இற்றுப்போன அடிப்பலகையை மாற்றி, பழைய லொறியின் அச்சையும் சில்லையும் பொருத்தி, ஒரே பெட்டியைப் பன்முறை புதுப்பித்தனர். மின்சாரம் அற்ற நாட்களில் மின் ஒட்டுவேலை அரிதாயிற்று. கொல்லன் உலையும் சம்மட்டியும் மீண்டும் மதிப்புப் பெற்றன.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டனர். மழை பொழிந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் மனிதர் அடிமேல் அடிவைத்து நகர்ந்தனர். பெரும்பாலோர் நடந்தும் சைக்கிளை உருட்டியுமே சென்றனர். முதியோரையும் நோயாளரையும் குழந்தைகளையும் ஏற்றிச் சென்ற ஊர்திகளுள் இந்த இழுவைப் பெட்டிகளும் இருந்தன. வெங்காயமும் எருவும் சுமந்த பெட்டியில் அன்றிரவு ஒரு குடும்பத்தின் அரிசிப்பானையும் பாயும் பிள்ளைகளின் புத்தகங்களும் ஏறின. பாடசாலைகளும் கோயில்களும் நிறைந்துவிட்ட பின்னர், மேலே படங்கைக் கட்டிய பெட்டியே சிலருக்கு வீடாயிற்று. அதன் அடிப்பலகையை உறுதியாக அறைந்து வைத்த தச்சன், தான் ஒரு வீட்டிற்கு நிலம் இடுவதாக எண்ணியிருக்கமாட்டான்.

2002இல் ஏ 9 வீதி மீண்டும் திறந்தது. 2014இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. புதிய ஊர்திகள் நிறைந்துவிட்டன. எஞ்சிய ஒருசில தட்டிவான்கள் வண்ணம் பூசப்பட்டுக் காட்சிப் பொருளாகப் போற்றப்படுகின்றன. அது நன்றே. ஆனால் ஊர்தியைப் பேணுவது வேறு, அதனை ஆக்கிய அறிவைப் பேணுவது வேறு. எந்த மரத்தை எந்த மூட்டிற்கு இட்டனர், எவ்வளவு சூட்டில் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர் என்பன எந்தப் பாடநூலிலும் இல்லை. முதிய தொழிலாளரின் நினைவிலேயே உள்ளன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது யாழ்ப்பாணத்து இளைஞரின் கடமை. கல்லிற் பெயர் பொறிக்கப்படாதவர்களுக்கு ஏட்டிலாவது ஓர் இடம் கிடைத்தல் வேண்டும்.