டயர் மாட்டுவதும் விடை சரிபார்ப்பதும்



போன மாதம் குடும்பத்தோடு திருச்சிக்குப் போனோம். முதல் நாள்தான் தம்பி மகன் காருக்கு நான்கு டயரும் புதிதாக மாற்றியிருந்தான். வேகம் 80-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. பின்சீட்டில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். ஓரம் கட்டிப் பார்த்தோம். முன்சக்கரத்தில் ஒட்டியிருந்த எடை விழுந்து, பசைத் தடம் மட்டும் இருந்தது. இரண்டு நட்டுகள் கையாலேயே சுழன்றன. ஊர் திரும்பியதும் டயரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் தாம்சன் 1845-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். தோல் உறையைச் சக்கரத்தோடு போல்ட் போட்டு இறுக்கினார்கள். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதே யோசனையை மறுபடி கண்டுபிடித்தார். அந்தக் கால டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டிருக்கும். பஞ்சரானால் பிரித்து ஒட்டி, பசை காய ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும்.

அந்தத் தொல்லையைப் பார்த்த பிரான்சின் மிஷெலின் சகோதரர்கள் 1891-இல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் அந்த டயரோடு சார்ல் தெரோன் முதலில் வந்தார்.

1946-இல் மிஷெலின் ரேடியல் டயருக்குக் காப்புரிமை கேட்டது. அதே ஆண்டில் நம் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது.

1947-இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் டியூப் இல்லாத டயரை அறிவித்தது. என் பார்வையில் பெரிய திருப்பம் இதுதான். அதுவரை காற்றைப் பிடித்துவைத்தது டியூப். இப்போது டயரின் உள்விளிம்பு ரிம்மில் உட்காரும் இடமே காற்றைக் காக்க வேண்டும். பொறுப்பு மாட்டுபவர் கைக்கு வந்துவிட்டது.

வேகம் கூடியதால் சமநிலையும் முக்கியமானது. ரிம் ஓரத்தில் வெறும் 20 கிராம் வித்தியாசம் இருந்தாலும், 100 கி.மீ. வேகத்தில் அது சுமார் 3 கிலோ விசையோடு சக்கரத்தை இழுக்கும். அதுவும் நொடிக்கு ஏறக்குறைய 15 சுற்று!

சரி, கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

1. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது.
2. ரிம்மின் துருவையும் பழைய எடைகளையும் நீக்குகிறாரா? உள்விளிம்பில் சோப்புக் கரைசல் தடவுகிறாரா? வால்வு புதிதா?
3. காற்றடித்த பின், ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் சரியாக உட்காரவில்லை.
4. எடை ஒட்டிய பிறகு சக்கரத்தை மறுபடி சுழற்றி, இரு பக்கமும் பூஜ்யம் வருவதைக் காட்டச் சொல்லுங்கள்.
5. நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, கடைசியில் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். துப்பாக்கி போன்ற மெஷினில் 'டர்ர்' என்று முடித்தால் போதாது. 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

கணக்கு முடிந்ததும் "விடை சரிபார்த்தாயா?" என்று உங்களைக் கேட்டுக் கேட்டு அலுக்க வைத்தேன் அல்லவா? நான்காவது வரி அதுதான். எங்கள் டயரை மாட்டியவர் பத்தே நிமிடத்தில் ஒரு சக்கரத்தை முடித்தாராம். மறுபடி சுழற்றிப் பார்க்கவில்லை. அருகில் நின்ற நம் பையனும் கேட்கவில்லை.

ஒரு ராத்திரி வேலை பத்து நிமிடமாகச் சுருங்கியதில் தவறில்லை. சரிபார்ப்பதைச் சுருக்கக் கூடாது. டயர் கடையில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இதைப் படித்தால், வாத்தியார் குறை சொல்கிறார் என்று எண்ண வேண்டாம். உங்கள் கையை நம்பித்தான் எங்கள் பேரப்பிள்ளைகள் பின்சீட்டில் தூங்குகிறார்கள்.