கார்டு கேட்காத நர்ஸம்மா

போன மாசம் ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனும் கையுமாக இருந்தேன். நான் இருக்கும் கான்சாஸ் சிட்டியில் பக்கத்து வீட்டம்மாவுக்குச் சர்க்கரை. இரண்டு பிள்ளைகள், கையில் மெடிக்கெய்ட் கார்டு. வழக்கமாகப் போகும் கிளினிக்கை மூடிவிட்டார்கள், மாத்திரை இன்னும் பத்து நாளைக்குத்தான் வரும். அந்தக் கார்டை ஏற்றுக்கொள்ளும் ஒரு ஃபேமிலி நர்ஸ் பிராக்டீஷனரைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன்.

நர்ஸ் பிராக்டீஷனர் என்றால் டாக்டர் இல்லை. மேற்படிப்பு படித்து, நோயைப் பார்க்கவும் மருந்து எழுதவும் உரிமை பெற்ற நர்ஸ். மெடிக்கெய்ட், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ். வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். அதே 1965 ஜூலை 30 அன்று, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் இண்டிபெண்டன்ஸ் ஊரில் வைத்து ஜனாதிபதி ஜான்சன் மெடிக்கெய்ட் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

கூடப் பிறந்தவர்கள் சேர்ந்து இருக்க வேண்டியதுதானே? இல்லை. மெடிக்கெய்ட் கொடுக்கும் கட்டணம் குறைவு என்பதால் பல கிளினிக்குகள் "புது மெடிக்கெய்ட் ஆட்களை எடுப்பதில்லை" என்று சொல்லிவிடுகின்றன. எட்டாவது போனில் ஒரு நர்ஸ் கிடைத்தார். ஆனால் அவர் தெருவுக்கு அந்தப் பக்கம். இந்த ஊர் நடுவே ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு சாலை. ஒரு பக்கம் கான்சாஸ், மறுபக்கம் மிசௌரி. மெடிக்கெய்ட் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சாலையைத் தாண்டினால் கார்டு செல்லும் என்பது நிச்சயமில்லை.

போனை வைத்ததும் எனக்கு எங்கள் பாறசாலைதான் ஞாபகம் வந்தது.

தெரியாதவர்களுக்கு: பாறசாலை கேரளத்தின் தெற்கு ஓரம், நெய்யாற்றின்கரை தாலுகா. இஞ்சிவிளை தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே ராஜ்யத்தில்தான் இருந்தன. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் உண்டு. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு வரை போனது அந்தப் போராட்டம். கடைசியில் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. கோடு வீடுகளுக்கு நடுவில் விழுந்தது. பெண் கொடுத்து எடுப்பது மட்டும் நிற்கவில்லை.

நிற்க. நான் சொல்ல வந்தது அதற்கும் முந்தைய கதை.

1920களின் கடைசியில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையிலிருந்து ஜேக்காக்ஸ் என்ற டாக்டர் திருவிதாங்கூருக்கு வந்தார். கொக்கிப்புழு ஊரையே தின்றுகொண்டிருந்த காலம். அறக்கட்டளையின் உதவியோடு 1930களில் நெய்யாற்றின்கரையில் ஒரு ஹெல்த் யூனிட் நடந்தது. யோசனை ரொம்ப எளிது: நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திருக்காதே, வீட்டுக்குப் போ. கழிப்பறை, தடுப்பூசி, கர்ப்பிணிப் பெண், கைக்குழந்தை எல்லாவற்றையும் வாசலிலேயே போய்ப் பார். அந்த வேலையின் கை கால் எல்லாம் நர்ஸும் மிட்வைஃபும்தான்.

ஆஸ்பத்திரியே இல்லாத ஊர் என்று நினைக்க வேண்டாம். நெய்யூரில் டாக்டர் ராம்சே 1838-லேயே மிஷன் வைத்தியத்தைத் தொடங்கியிருந்தார். எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் பிற்காலத்தில் கத்தி பிடித்ததும் அங்கேதான். ஆனால் பிரசவ வலி எடுத்தவள் அவ்வளவு தூரம் போக முடியுமா? வயற்றாட்டிதான் வருவாள். திருவனந்தபுரத்தில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், அந்த வயற்றாட்டிகளின் பிள்ளைகளுக்கே மிட்வைஃப் பயிற்சி கொடுத்தார். பகைத்துக்கொள்ளாமல் உள்ளே இழுத்துக்கொண்டார். அவரே 1938-ல் சர்ஜன் ஜெனரலும் ஆனார்.

கோடு விழுந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. அத்தையைக் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். 1979-ல் தலைப்பிரசவத்துக்குப் பாறசாலை வீட்டுக்கு வந்திருந்தாள். சப் சென்டர் நர்ஸம்மா குடையும் பையுமாகப் படியேறி வந்தார். கேட்டது ஒரே கேள்வி: "எத்ர மாசமாயி?" ரேஷன் கார்டு எந்த ஸ்டேட்டு என்று கேட்கவில்லை. தமிழ்நாட்டுக் குழந்தைக்குக் கேரளத்துத் தடுப்பூசி!

அதே அத்தைக்கு 2010-ல் கர்ப்பப்பை ஆபரேஷன். தமிழ்நாட்டில் 2009-ல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் கார்டு கையில் இருந்தது. பக்கம் என்பதால் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். "இது இங்கே எடுக்காது." கேரளத்துக்கு 2008 முதல் வேறு கார்டு, அதில் அத்தை பெயர் இல்லை. பிறந்த வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லாத ஊரில் அவள் வேற்று மாநிலத்துக்காரி. வளையலை அடகு வைத்தோம்.

இன்ஷூரன்ஸ் கெட்டது என்று சொல்லவில்லை. 2018-ல் வந்த பிரதமர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்; கேரளம் 2019-ல் காருண்யா திட்டத்தை அதோடு சேர்த்தது. பல வீடுகளின் வளையல் அதனால் தப்பியிருக்கிறது. ஆனால் இந்தக் கார்டுகள் எல்லாம் கட்டிலுக்கான கார்டுகள். அட்மிட் ஆனால்தான் உயிர் வரும். சர்க்கரையை ஆரம்பத்திலேயே பிடிக்கிற, பிரஷர் பார்க்கிற, "ஏன் போன வாரம் வரலை?" என்று திட்டுகிற வேலை அதில் இல்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு சப் சென்டர் என்ற கணக்கில் நடந்து தேய்கிற நர்ஸம்மாவிடம்தான் இருக்கிறது. கார்டு எந்த மாநிலம் என்று கேட்கிறது; அவர் எந்த வீடு என்று கேட்கிறார்.

பக்கத்து வீட்டம்மா கதை? பதினோராவது போனில் முடிந்தது. அரசு உதவியில் நடக்கும் ஒரு கம்யூனிட்டி ஹெல்த் சென்டர். இவை மெடிக்கெய்டை மறுக்கக் கூடாது. கார்டே இல்லாவிட்டாலும் வருமானத்துக்கு ஏற்றபடி கட்டணம். தேவைப்படுகிறவர்கள் முதலில் அங்கே கேளுங்கள், நான் மாதிரி பத்து போன் வீணாக்க வேண்டாம். இவையும் 1965-ல் தொடங்கியவைதான். தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் கைகர், மாணவராக இருந்தபோது தென்னாப்பிரிக்காவின் ஃபோலேலா கிராமத்தில் வீடு வீடாகப் போகும் வைத்தியத்தைப் பார்த்துக் கற்றவர். 1957-ல் அந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? நெய்யாற்றின்கரைக்கு வந்த அதே ராக்பெல்லர் அறக்கட்டளை.

அங்கே இருந்த நர்ஸ் பிராக்டீஷனர் பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "கடைசியாகச் சர்க்கரை பார்த்து எத்தனை மாசம் ஆச்சு?"

எனக்குக் குடையும் பையும் கண்ணில் வந்து போயின.