படத்தைப் படம் பிடித்த கதை

1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் கால் வைத்த காட்சி ஏன் அவ்வளவு மங்கலாக இருந்தது என்று எண்ணியதுண்டா? அலைவரிசையில் இடம் குறைவாதலால், காமிரா வினாடிக்கு 10 படங்களை, படத்துக்கு 320 வரிகளாக அனுப்பியது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கோ வினாடிக்கு 30 படங்களும் 525 வரிகளும் தேவை. என்ன செய்தார்கள்? வந்த படத்தை ஒரு திரையில் காட்டி, அத்திரையை மற்றொரு காமிராவால் படம் பிடித்தார்கள்! இடைவெளியை நிரப்ப, காந்தத் தட்டில் பதிந்த படமே திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. தெளிவு குன்றியது. மூல நாடாக்கள் அழிக்கப்பட்டு, மறுபதிவுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்பது 2009-இல் நாசா கண்ட முடிவு.

இன்று வீட்டுக் கணிப்பொறியில் செருகும் சிறு அட்டை ஒன்று, படத்தை எண்களாக்கி, நினைவகத்தில் வைத்து, வரிகளைக் கணக்கிட்டே பெருக்கிவிடுகிறது. ஆனால் மறவாதீர்கள்: அழிந்துபோன தெளிவை எந்த அட்டையாலும் மீட்க இயலாது. மூலத்தைக் காப்பதே முதல் கடமை.