சமையலறை வழியாக நுழைந்தவர்கள்

கொலை நடந்த வீட்டுக்குள் போலீஸ் நுழைந்தால் அந்த வீடு பேச்சை நிறுத்திவிடும். பாத்திரம் தேய்க்க வந்த பெண் நுழைந்தால் நிறுத்தாது. கூடத்தில் பேசுகிறவர்கள் அவளைக் கண்டு குரலைத் தாழ்த்துவதில்லை. பீரோவைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்கிறாளே என்று தயங்குவதும் இல்லை. பெண் துப்பறிவாளர் என்ற தொழில் இந்த அலட்சியத்திலிருந்து பிறந்தது. யாரோ பெரிய மனசு பண்ணிப் பெண்களுக்கு வழிவிட்டதால் பிறந்ததாக நான் நினைக்கவில்லை.

மும்பையின் ரஜனி பண்டிட்டை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் முதல் பெண் தனியார் துப்பறிவாளர் என்று பெயர் பெற்றவர். அப்பா சாந்தாராம் பண்டிட் சி.ஐ.டி. அதிகாரி, காந்தி கொலை வழக்கு விசாரணையில் பணியாற்றியவர். மகள் படித்தது ரூபாரெல் கல்லூரியில் மராத்தி இலக்கியம். உடன் படித்த ஒரு பெண் தவறான சேர்க்கையில் சிக்கியிருப்பதைக் கண்டு, பின்தொடர்ந்து விவரம் சேர்த்து, அந்தப் பெண்ணின் வீட்டில் போய்ச் சொன்னார் ரஜனி. "நீ என்ன உளவாளியா?" என்கிற மாதிரி அந்தத் தகப்பனார் கேட்டாராம். அந்தக் கேள்விதான் மனதில் விதையாக விழுந்தது என்று ரஜனி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

படிப்பு முடிந்து ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை. வயது 22. உடன் வேலை பார்த்த அம்மாள் ஒருவர் வீட்டில் திருட்டு நடந்தது. அந்த அம்மாளின் சந்தேகம் புதிதாக வந்த மருமகள் மீது. ஆதாரம் எதுவும் கையில் இல்லை. ரஜனி அந்தத் தெருவில் காத்திருந்து வீட்டைக் கவனித்தார். எடுத்தது அந்த அம்மாளின் சொந்த மகன். கேட்டதும் ஒப்புக்கொண்டான். ரஜனிக்குக் கிடைத்த முதல் கூலி இந்த வேலைக்குத்தான்.

பிறந்த கதை என்றால் எனக்கு இந்த இடம்தான் முக்கியம். வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் முதல் சந்தேகம் யார் மேல் விழுகிறது? வீட்டு வேலைக்கு வருகிறவள் மேல், அல்லது வந்து ஆறு மாதம் ஆகாத மருமகள் மேல். நாளெல்லாம் அந்த வீட்டுக்குள் இருந்தும் யார் கண்ணிலும் படாதவர்கள், பழி என்று வந்தால் மட்டும் எல்லார் கண்ணிலும் படுகிறார்கள். ஓர் ஆண் துப்பறிவாளர் வந்திருந்தால் மருமகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருப்பார் என்றே தோன்றுகிறது. ரஜனி வாசலைப் பார்த்தார், யார் எப்போது வெளியே போகிறார்கள் என்று பார்த்தார். ஒரு மருமகளின் தலையிலிருந்து பழி இறங்கியது.

1991-இல் தனியாக நிறுவனம் தொடங்கினார். வேலைக்காரி, பார்வையற்றவர், கர்ப்பிணி, வாய் பேசாதவர் என்று அவர் போட்ட வேடங்கள் பல. தாம் எடுத்த வழக்குகளில் மிகக் கடினமானது என்று அவர் சொல்வது ஒரு கொலை வழக்கு. தகப்பனும் மகனும் கொல்லப்பட்டிருந்தார்கள். கொன்றது யார் என்று துப்பே இல்லை. சந்தேகம் அந்த வீட்டுப் பெண்மணியின் மீது. ரஜனி அங்கே வேலைக்காரியாகச் சேர்ந்தார். ஒரு வாரம், பத்து நாள் அல்ல, ஆறு மாதம் அந்த வீட்டிலேயே தங்கினார். அந்த அம்மாள் நோயில் விழுந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். நம்பிக்கை மெல்ல மெல்ல வந்தது.

ஒரு நாள் அறை நிசப்தமாக இருந்தபோது ரஜனி மறைத்து வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவி 'க்ளிக்' என்றது. அவ்வளவுதான். அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேலைக்காரி வெளியே போகத் தடை. இந்த நிலையில், கொலைக்குக் கூலி வாங்கியவனே அந்த வீட்டுக்கு வந்தான். அவனும் உள்ளே, அவளும் உள்ளே. சேதி சொல்ல வேண்டியவளும் உள்ளே அடைபட்டுக் கிடக்கிறாள். ரஜனி கத்தியை எடுத்துத் தன் காலிலேயே வெட்டிக்கொண்டார். ரத்தம் கொட்டுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட வேண்டும் என்றார். விட்டார்கள். நேராக ஒரு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, வழக்கை ஒப்படைத்தவருக்குப் போன் போட்டு, போலீசைக் கூட்டிக்கொண்டு உடனே வரச் சொன்னார். அன்றைக்கே கைது நடந்தது.

கத்தியால் வெட்டிக்கொண்டதைத்தான் எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த நோய்க்காலம். நோயில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட ஒருத்தியை அந்த அம்மாள் நம்பினார். கொலைகாரி என்றே வைத்துக்கொண்டாலும், பணிவிடையின் வழியாக வாங்கிய நம்பிக்கை அது. இந்தத் தொழிலின் கனம் முழுவதும் அங்கே இருக்கிறது. கூலி வாங்கிக் கொன்றவனை வேறு வழியில் பிடித்திருக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது என்றே படுகிறது. இருந்தாலும் அந்த ஆறு மாதத்தைச் சாகசம் என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் தொழிலின் வேரைத் தேடிப் போனால் முதலில் வருவது பாரிஸ். 1833-இல் அங்கே யூழேன் விதோக் என்பவர் தனியார் துப்பறியும் அலுவலகம் ஒன்றைத் திறந்தார். ஒருகாலத்தில் சிறைக் கைதி. பிறகு பாரிஸ் போலீசின் துப்பறியும் பிரிவையே கட்டி நடத்தியவர்.

அமெரிக்காவில் இந்தத் தொழில் வளர்ந்ததற்குக் காரணம் எல்லைக்கோடு. அங்கே ஷெரீப்பின் அதிகாரம் அவருடைய மாவட்டத்தோடு முடிந்துவிடும். ரயிலும் திருடனும் எல்லையில் நிற்பதில்லை. புதுச்சேரியின் எல்லையில் இருக்கும் சேதராப்பட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்குள்ள தொழிற்பேட்டை புதுச்சேரிப் போலீசின் பொறுப்பு, கொஞ்சம் தள்ளினால் வானூர் வட்டம், அது விழுப்புரம் மாவட்டப் போலீசின் பொறுப்பு. அப்படிப்பட்ட எல்லைகளுக்கு நடுவே, எல்லை இல்லாத துப்பறிவாளர்களை ரயில் கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் கொடுத்துச் சம்பாதித்தவர் ஆலன் பிங்கர்டன். அவருடைய அலுவலகம் சிகாகோவில், 1850 வாக்கில் தொடங்கியது.

1856-இல் அந்த அலுவலகத்துக்கு இருபத்து மூன்று வயது விதவை ஒருவர் வந்தார். பெயர் கேட் வார்ன். எழுத்தர் வேலைக்கு வந்திருக்கிறார் என்று பிங்கர்டன் நினைத்தார். துப்பறிவாளர் வேலைதான் வேண்டும் என்றார் அவர். பெண்களை வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை என்று பிங்கர்டன் சொல்ல, ஆண்கள் புக முடியாத இடங்களில் பெண்கள் புகுந்து ரகசியம் அறிவார்கள், குற்றவாளிகளின் மனைவியரோடும் காதலியரோடும் பழகி விஷயத்தை வாங்கிவருவார்கள் என்று வாதாடினார் கேட். பிங்கர்டன் ஓர் இரவு யோசித்துவிட்டு மறுநாள் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

சொன்னதைச் செய்தும் காட்டினார். ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் பணத்தைக் கையாடிய மரோனி என்பவனின் மனைவியோடு தோழியாகப் பழகி, களவுபோன பணத்தின் பெரும்பகுதியை மீட்டுக் கொடுத்தார். அவனுக்குப் பத்தாண்டுச் சிறை. இன்னொன்று கொலை வழக்கு. இரவில் தனியாக வேலை செய்துகொண்டிருந்த வங்கி ஊழியர் ஒருவர் கொல்லப்பட்டு, பணமும் போனது. சந்தேகம் செத்தவரின் நண்பன் மேலேயே விழுந்தது. பிங்கர்டன் எழுதியபடி, கேட் வேறொரு பெயரில் அந்த நண்பனின் மனைவியோடு நெருங்கி, அந்த வீட்டிலேயே விருந்தாளியாகத் தங்கினார். 1861-இல் ஆபிரகாம் லிங்கனைக் கொல்லச் சதி நடப்பதாகத் தகவல் வந்தபோது, நோயாளி அண்ணனை அழைத்துச் செல்லும் தங்கையாக நடித்து அவரை இரவு ரயிலில் வாஷிங்டனுக்குக் கொண்டு சேர்த்தவர்களில் கேட்டும் ஒருவர். தங்கை, தோழி, விருந்தாளி. அவர் போட்ட வேடம் எல்லாமே வீட்டுக்குள் புழங்கும் உறவுதான். 1868-இல் இறந்தார், முப்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை.

நியூயார்க் போலீசில் ஒரு பெண்ணுக்குத் துப்பறிவாளர் பதவி கிடைக்க 1912 ஆனது. இசபெல்லா குட்வின், இறந்துபோன போலீஸ்காரர் ஒருவரின் மனைவி. பிள்ளைகளை வளர்க்க, காவலில் இருக்கும் பெண்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தவர். அந்த ஆண்டு பிப்ரவரியில், வங்கிப் பணம் ஏற்றிச் சென்ற டாக்சியைப் பட்டப்பகலில் மறித்து 25,000 டாலரைக் கொள்ளையடித்தார்கள். நகரமே கொதித்தது. கொள்ளையரில் ஒருவனின் காதலி தங்கியிருந்த விடுதியில் இசபெல்லா துடைப்பமும் வாளியுமாகத் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். தரையைத் துடைத்தபடியே அங்கு நடந்த பேச்சைக் கேட்டார். கொள்ளையர் பிடிபட்டார்கள், அவருக்குப் பதவி உயர்வு வந்தது. ரஜனி வேலைக்காரியாகப் போனதற்கு முக்கால் நூற்றாண்டுக்கும் முன்னால், கடலுக்கு அப்பால், அதே வழி. ஒருவரைப் பார்த்து ஒருவர் படித்துக்கொண்டது என்று நான் நினைக்கவில்லை. பணக்கார வீடானாலும் விடுதியானாலும், கூட்டித் துடைக்கும் பெண்ணை மனுஷியாகக் கணக்கில் எடுக்காத வழக்கம் எங்கும் ஒன்றுபோல இருந்ததால் அந்த வழியும் ஒன்றாக அமைந்தது.

எழுத்தில் பெண் துப்பறிவாளர் இதற்கு முன்பே வந்தாயிற்று. 1864-இல் லண்டனில், பிரிட்டிஷ் போலீசில் ஒரு பெண்கூட இல்லாத காலத்தில், பெண் துப்பறிவாளரை நாயகியாக வைத்து இரண்டு நூல்கள் வெளிவந்தன. தமிழில் துப்பறியும் கதை 1894-இல் நடேச சாஸ்திரியின் 'தானவன்' மூலம் தொடங்கியது. அதற்குப் பிறகு நூறாண்டு எழுதிக் குவித்தும் நாயகர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருந்தார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்குத் துணையாக சுசீலா, சுபாவின் நரேந்திரனுக்குத் துணையாக வைஜயந்தி. பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய மாத நாவல்களில் அவர்களைத் தேடித் தேடிப் படித்தவர்களில் நானும் ஒருத்தி. சுசீலாவின் துணிச்சல் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் அவர்கள் பெயர் எப்போதும் இரண்டாவதாகவே வந்தது. அந்த நாவல்கள் விற்றுத் தீர்ந்த அதே ஆண்டுகளில் மும்பையில் ஒருத்தி, கூட ஒரு பரத் இல்லாமல், தன் பெயரிலேயே பலகை மாட்டித் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்.

சட்டத்தின் பக்கம் வந்தால் நிலைமை வருத்தமானது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வாசலில் சீருடையோடு நிற்கிற காவலாளியைப் பாருங்கள். அவரை அனுப்பிய நிறுவனம் 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வாங்கியாக வேண்டும். அதே தொழிற்சாலைக்குள் சரக்குத் திருட்டைக் கண்டுபிடிக்கத் தொழிலாளியாக நுழையும் துப்பறிவாளருக்கு அப்படி ஓர் உரிமம் கிடையாது. துப்பறியும் முகமைகளை ஒழுங்குபடுத்த 2007-இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது. நிறைவேறாமலே கிடந்து, கடைசியில் திரும்பப் பெறப்பட்டது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று இந்தத் தொழிலுக்கென வகுத்த சட்டம் நாட்டில் இல்லை. 2018-இல், செல்போன் அழைப்பு விவரங்களைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பெற்றதாக எழுந்த வழக்கில் மும்பையை அடுத்த தானே நகரப் போலீசார் ரஜனி பண்டிட்டையே கைது செய்தார்கள். பிறகு ஜாமீனில் வந்தார். அது குற்றச்சாட்டு, அதற்கு மேல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு தொழிலை நடக்கவிட்டு, அதற்கு ஒரு வரம்பு எழுதித் தராதது அரசின் குறை. அதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

உரிமம் இல்லை என்பதால் பயன் இல்லாமல் போகவில்லை. இன்று இந்த நிறுவனங்களுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பது, கணவன் மனைவி தகராறு, காப்பீட்டு மோசடி, கம்பெனித் திருட்டு. கொலை அபூர்வம். அது போலீசின் வேலை. தனியாருக்குக் கொலையைப் புலனாய்வு செய்யும் அதிகாரம் இல்லை. கொலைச் சந்தேகம் என்று வருவதெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரியான துயரம்: கட்டிக்கொடுத்த மகள் புகுந்த வீட்டில் செத்துப்போயிருப்பாள், தற்கொலை என்று சொல்லியிருப்பார்கள், பெற்றவர்களுக்கு மனம் ஒப்பாது. கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்திருந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. அந்த விசாரணையில் அக்கம்பக்கத்தார் வாய் திறக்கத் தயங்குவார்கள். அதே வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரும், துணி தேய்ப்பவரும், மாடியில் குடியிருக்கும் பெண்ணும் ஒரு பெண்ணிடம், வேறொரு சாக்கில் பேசும்போது சொல்லிவிடுவார்கள். என்றைக்குச் சண்டை, யார் வந்துபோனது, அன்று இரவு எத்தனை மணிக்கு விளக்கு எரிந்தது என்று.

அப்படிக் கிடைத்த தகவல் அதுவாகவே சாட்சியம் ஆகிவிடாது. ஒலிப்பதிவாக இருந்தால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி அதற்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். சொன்னவர் கூண்டேறி அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். போலீஸ் நிலையமும், பிறகு காவல் கண்காணிப்பாளரும் வழக்கை எடுக்க மறுத்தால், பெற்றவர்கள் அந்த விவரங்களோடு எழுதிக்கொடுத்த புகாரைக் காட்டி, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3)-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட்டு, புலனாய்வுக்கு உத்தரவு கேட்கலாம். வெறும் சந்தேகத்தோடு போகிறவர்களை விட, இன்னார் இதைப் பார்த்தார் என்று பெயரோடும் தேதியோடும் எழுதிக்கொண்டு போகிறவர்களின் மனு நிற்கும். அந்தத் தாளை எழுதித் தருவதற்குத்தான் இன்று ஒரு பெண் துப்பறிவாளர் தேவைப்படுகிறார்.